எதிர்வெளிச்சத்துக்கு எல்.இ.டி. பல்பு பதில் ஆகாது

வாசகர் கேள்வி: எனக்கு 54 வயது. கள்ளக்குறிச்சியில் ஜவுளிக் கடை நடத்துகிறேன். சரக்கு எடுக்க வாரம் ஒருமுறை திருவண்ணாமலை போய்விட்டு, துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இரவில் என் சின்ன காரில் திரும்புவேன். மூங்கில்துறைப்பட்டு, சங்கராபுரம் வழி. கொஞ்ச காலமாக எதிரே வரும் வண்டிகளின் ஹெட்லைட்டைத் தாங்க முடியவில்லை. வண்டி கடந்துபோன பிறகும் சில விநாடிகள் சாலை தெரிவதில்லை. போன மாதம் அப்படிப்பட்ட ஒரு நேரத்தில், பின்பக்கம் லைட் இல்லாத கரும்பு டிராக்டரை மிக அருகில் போன பிறகுதான் பார்த்தேன். நான் டிம்மில் வந்தாலும் எதிரே வருகிறவர்கள் என்னைப் பார்த்து லைட் அடிக்கிறார்கள். மற்றவர்கள் டிம் செய்யாதபோது நான் மட்டும் ஏன் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. ஹெட்லைட்டுக்கு எல்.இ.டி. பல்பு போடச் சொல்கிறார் கடைக்காரர். நண்பர் ஒருவர் இரவில் போட்டுக்கொள்ள மஞ்சள் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறார். எனக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை உண்டு. இரவில் ஓட்டவே வேண்டாம் என்கிறான் மகன். என்ன செய்யட்டும்?

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர்

ஐயா, எல்.இ.டி. பல்பை இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதலில் கண் டாக்டரைப் பாருங்கள். வண்டியை அதற்கப்புறம் பார்க்கலாம்.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கும் இரண்டு விஷயங்கள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. ஒன்று, எட்டு வருடச் சர்க்கரை. இன்னொன்று, நீங்கள் டிம்மில் வரும்போதும் எதிரே வருபவர்கள் லைட் அடிப்பது. முதலாவது உங்கள் கண்ணைப் பற்றியது. இரண்டாவது, என் ஊகம் சரியென்றால், உங்கள் கார் டிக்கியைப் பற்றியது.

கண்ணில் தொடங்குகிறேன். சாலையில் வெளிச்சம் முன்பைவிடக் கூடியிருப்பது உண்மைதான். பெரிய கார்கள் பெருகிவிட்டன, அவற்றின் விளக்குகள் உயரத்தில் இருக்கின்றன, வெள்ளை வெளிச்சம் பளீரென்று அடிக்கிறது. லாரிகளிலும் பேருந்துகளிலும் பம்பருக்கு மேலே நீள எல்.இ.டி. பட்டை வைத்துக்கொண்டு வருகிறார்கள். இதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனாலும் அதே சாலையில் முன்பு ஓட்ட முடிந்த ஒருவரால் இப்போது முடியவில்லை என்றால், மாற்றம் சாலையில் மட்டும் நடந்திருக்காது.

வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மெல்ல மங்குகிறது, மஞ்சளாகிறது. உள்ளே போகும் வெளிச்சத்தில் ஒரு பகுதி நேராகப் போகாமல் சிதறி, விழித்திரை மேல் வெள்ளையாகப் பரவிவிடுகிறது. பகலில் இது உறைக்காது. கறுத்த சாலையில் ஒற்றை விளக்கு பளீரென்று வரும்போதுதான் தெரியும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் புரை சீக்கிரம் வர வாய்ப்பு அதிகம். அதிலும் லென்ஸின் பின்புறம் படரும் ஒரு வகைப் புரை இருக்கிறது. அது வந்தவர்கள் பகலில் டாக்டர் காட்டும் அட்டையின் சிறிய எழுத்தைக்கூடப் படித்துவிடுவார்கள். இரவில் எதிர்வெளிச்சம் வந்தால் மட்டும் திணறுவார்கள். சர்க்கரையால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பும் ஆரம்பத்தில் வலியோ தொந்தரவோ இல்லாமல்தான் வரும்.

இன்னொரு விஷயமும் உண்டு. பளீர் வெளிச்சம் பட்டதும் கண் பாப்பா ஒரு விநாடிக்குள் சுருங்கிவிடும். மறுபடி விரிய அதைவிட அதிக நேரம் பிடிக்கும். விழித்திரை இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதனால் ஒரு வண்டி கடந்த பின் சில விநாடி தடுமாறுவது எல்லோருக்கும் நடப்பதுதான். வயதானால் அந்த விநாடிகள் கூடும். உங்களுக்கு அது எவ்வளவு கூடியிருக்கிறது, ஏன் கூடியிருக்கிறது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

லைசென்ஸ் புதுப்பித்தபோது கண் பார்வை சரி என்று டாக்டர் கையெழுத்துப் போட்டாரே என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் படிவம் 1ஏ-இல் உள்ள முக்கியக் கேள்வி, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலுள்ள கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்பது. அதில் தேறியவர் இரவு பத்து மணிக்குச் சங்கராபுரம் சாலையிலும் தேறுவார் என்று சொல்ல முடியாது.

ஆகவே கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். சொட்டு மருந்து விட்டு, பாப்பாவை விரித்து, விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். "இரவில் எதிர்வெளிச்சம் கூசுகிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பகல் பார்வையைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு வண்டியை மகன் ஓட்டட்டும். மருந்து விட்ட கண் சில மணி நேரம் வெளிச்சம் தாங்காது. தூரப் பார்வைக்குச் சின்னப் பவர் இருந்தாலும், சிலிண்டர் பவர் இருந்தாலும் இரவில் ஒவ்வொரு விளக்கும் முள் முள்ளாக விரியும். அதைச் சரியான கண்ணாடியே பாதி குறைத்துவிடும். கண்ணாடி போடச் சொன்னால், பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு போட்ட லென்ஸாகக் கேட்டு வாங்குங்கள். இந்தச் செலவு வீண் போகாது.

மஞ்சள் கண்ணாடியை நண்பரிடம் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பகலில் கடைக்குப் போகப் போட்டுக்கொள்ள வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அது கண்ணுக்கு இதமாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் உள்ளே வரும் வெளிச்சத்தையும் சேர்த்துக் குறைக்கிறது. இரவில் உங்களுக்குப் பற்றாக்குறையே வெளிச்சம்தான். பாஸ்டனில் உள்ள ஷெப்பென்ஸ் கண் ஆய்வு நிறுவனத்தினர், மஞ்சள் கண்ணாடி போட்டவர்களும் போடாதவர்களும் சாலையில் நடந்துபோகிறவர்களை எவ்வளவு சீக்கிரம் கவனிக்கிறார்கள் என்று, வண்டி ஓட்டும் பயிற்சிக் கருவியில் எதிர்வெளிச்சத்தோடு சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். மஞ்சள் கண்ணாடியால் பலன் எதுவும் தெரியவில்லை.

இனி டிக்கி. எதிரே வருபவர்கள் உங்களைப் பார்த்து லைட் அடிப்பது ஏன்? அவர்கள் கண்ணுக்கு நீங்கள் ஹை பீமில் வருவதாகத் தெரிகிறது. நீங்கள் டிம்மில்தான் வருகிறீர்கள், ஆனால் பின்னால் துணி மூட்டை இருக்கிறது. துணி எவ்வளவு கனம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் தூக்கும், அதோடு ஹெட்லைட்டும் தூக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சின்ன காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் 2.4 மீட்டர். பின்பக்கம் 5 சென்டிமீட்டர் மட்டும் அமுங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் 2 சென்டிமீட்டர் வீதம் வெளிச்சம் மேலே ஏறுகிறது. டிம் விளக்கு சரியாக இருந்தால் மீட்டருக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் கீழே இறங்கிப் போக வேண்டும். இப்போது அது 1 சென்டிமீட்டர் மேலே ஏறிப் போகிறது. 50 மீட்டர் தள்ளி எதிரே வரும் காரில் அது எங்கே விழும்? உங்கள் விளக்கு தரையிலிருந்து 65, 70 சென்டிமீட்டர் உயரம். அதோடு 50 சேர்த்தால் கிட்டத்தட்ட 1.2 மீட்டர். எதிர் காரில் ஓட்டுபவரின் கண் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் இருக்கும். அவர் எரிச்சலில் ஹை பீமைப் போடுகிறார், உங்கள் கண் கூசுகிறது, "யாருமே டிம் பண்றதில்லை" என்று நீங்கள் கடிதம் எழுதுகிறீர்கள். எல்லா வண்டிக்காரர்களுக்கும் இது பொருந்தாது, டிம் சுவிட்ச் இருப்பதையே மறந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் லைட் அடித்தவர்களில் பாதிப் பேராவது நியாயமாகத்தான் அடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இதற்குச் செலவே இல்லாத தீர்வு பெரும்பாலான கார்களில் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம், டேஷ்போர்டின் கீழ்ப்பகுதியில், ஹெட்லைட் படத்தோடு 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னத் திருகு இருக்கிறதா பாருங்கள். 0 என்பது ஓட்டுபவர் மட்டும் இருக்கும்போது. எண் ஏற ஏற விளக்கு கீழே இறங்கும். டிக்கி நிறையச் சரக்கோடு வரும்போது 2 அல்லது 3. எந்தச் சுமைக்கு எந்த எண் என்று காரோடு வந்த கையேட்டில் இருக்கும். எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, வண்டி கொண்டுவந்தவர்களிடம் இந்தத் திருகு எதற்கு என்று கேட்டால், ஏ.சி. சம்பந்தப்பட்டது என்று சொன்னவர்கள் உண்டு. மூட்டையை இறக்கிய பிறகு 0-க்குத் திருப்ப மறந்துவிடாதீர்கள். மறந்தால் வெளிச்சம் மூக்குக்குக் கீழேயே விழுந்து, உங்களுக்குச் சாலை தெரியாமல் போகும்.

அடுத்தது ஃபோகஸ். இதை நீங்களே ஒரு மாலையில் பார்த்துவிடலாம். சமதளத்தில், ஒரு சுவருக்கு 5 மீட்டர் தள்ளி, சுவரைப் பார்த்தபடி நேராகக் காரை நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், டிக்கி காலி, திருகு 0-இல், ஓட்டுநர் இருக்கையில் ஒரு ஆள். தரையிலிருந்து ஹெட்லைட்டின் நடுப்புள்ளி எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுங்கள். டிம் லைட்டைப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு தெளிவான கோடாகத் தெரிய வேண்டும். வலது பாதியில் அது உங்கள் சாக்பீஸ் கோட்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். இடது பாதியில் சரிவாக மேலே ஏறினால் பயப்படாதீர்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்கள் என்பதால், ஓரத்தில் நடப்பவர்களும் பலகைகளும் தெரியட்டும் என்றுதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். வலது பாதி கோட்டைத் தாண்டி மேலே போனாலோ, விளிம்பே இல்லாமல் வெளிச்சம் கலங்கலாகப் பரவினாலோ ஏதோ தவறு இருக்கிறது.

தவறு பல சமயம் அற்பமானதாக இருக்கும். சின்ன கார்கள் பலவற்றில் இருக்கும் எச்4 வகை ஹெட்லைட் பல்பின் வட்டத் தகட்டில் மூன்று காதுகள் உண்டு. கடைசியாகப் பல்பு மாற்றியவர் அவசரத்தில் ஒன்றைச் சரியாக உட்கார வைக்காவிட்டால், வெளிச்சம் எங்கேயோ போகும். முன்பக்கம் எங்காவது லேசாக இடித்துச் சரிசெய்த வண்டி என்றாலும் ஃபோகஸ் மாறியிருக்கும். ஃபோகஸ் பார்க்கும் மெஷின் உள்ள ஒர்க்‌ஷாப்பில் சில நிமிட வேலை இது. கண்ணால் பார்த்தே செட் பண்ணிவிடுகிறேன் என்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி, விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அதன் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவரைக் கூசச் செய்யாத அளவுக்கு வெளிச்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. முன்பு போலீஸார் ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதுவும் இதே நோக்கத்துக்குத்தான். அந்தக் கறுப்பு வட்டத்தைவிட ஒழுங்காக வைத்த ஃபோகஸ் எவ்வளவோ மேல்.

எல்.இ.டி. பல்புக்கு வருகிறேன். கம்பெனியிலிருந்தே எல்.இ.டி. ஹெட்லைட்டோடு வரும் கார் வேறு. அதன் பிரதிபலிப்பானும் லென்ஸும் அந்த ஒளிக்காகவே செய்தவை. ஹாலஜன் பல்புக்காகச் செய்த கிண்ணத்துக்குள் எல்.இ.டி.யைச் செருகுவது வேறு கதை. நம் ஊர்ச் சின்ன கார்கள் பலவற்றில் இருப்பது 12 வோல்ட், 60/55 வாட் எச்4 ஹாலஜன். அதற்குள் இரண்டு இழைகள், ஹை பீமுக்கு 60 வாட், டிம்முக்கு 55. டிம்முக்கான இழைக்குக் கீழே ஒரு குட்டித் தகடு கிண்ணி இருக்கும். அந்த இழையின் வெளிச்சம் கிண்ணத்தின் கீழ்ப்பாதியில் பட்டால் மேல்நோக்கித் தெறிக்கும் என்பதால், அதை மறைப்பதற்கு. மில்லிமீட்டர் கணக்கில் யோசித்து வைத்த இடம் அது. எல்.இ.டி. பல்பில் ஒளி தரும் சில்லுகள் அதே இடத்தில், அதே பருமனில் அமைவதில்லை. வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணுக்குப் போகிறது.

கடைக்காரர் பல்பை மாட்டிக் காட்டும்போது பிரமாதமாகத்தான் இருக்கும். காருக்கு முன்னால் பத்து மீட்டர் தூரம் வெள்ளை வெளேரென்று தெரியும். அங்கேதான் ஏமாறுகிறோம். பக்கத்துத் தரை பளிச்சென்று இருந்தால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிக்கொண்டு, தூரத்து இருட்டைப் பார்க்கும் திறனை இழக்கிறது. உங்களுக்குத் தேவை ஐம்பது மீட்டருக்கு அப்பால் போகும் டிராக்டர், பத்து மீட்டரில் கிடக்கும் ஜல்லி இல்லை. மழையிலும் பனியிலும் அந்த நீலம் கலந்த வெள்ளை திரும்ப உங்கள் முகத்திலேயே அடிக்கும்.

100/90 வாட் ஹாலஜன் போடலாமே என்று அடுத்ததாகச் சொல்வார்கள். வேண்டாம். இரண்டு விளக்கும் ஹை பீமில் இருந்தால் கம்பெனி பல்பு சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். இது 16-க்கு மேல் இழுக்கும். ஹோல்டர் உருகும், கிண்ணத்தின் வெள்ளிப் பூச்சு உரியும், சுவிட்ச் போகும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு. ஆனால் அபராதத்துக்காகச் சொல்லவில்லை. அதனால் உங்களுக்குச் சாலை கூடுதலாகத் தெரியப்போவதில்லை.

உங்கள் காரின் வெளிச்சமே குறைந்திருக்கவும் கூடும். ஹாலஜன் பல்பு நாளாக ஆக மங்கும். நல்ல கம்பெனியின் 60/55 வாட் பல்பு இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் மூடி வெயிலில் காய்ந்து மஞ்சளாகப் போயிருந்தால் பாலீஷ் போடச் சொல்லுங்கள். போட்ட பிறகு வெயில் தாங்கும் பூச்சு அடிக்காவிட்டால் சில மாதத்தில் மறுபடி மங்கிவிடும். டூத்பேஸ்ட் வைத்தியம் வெகுநாள் நிற்காது. இவ்வளவும் செய்தாலே புது வண்டி வாங்கியது போல இருக்கும்.

கண்ணாடியை மறந்துவிடாதீர்கள், முன்கண்ணாடியைச் சொல்கிறேன். வெளிப்பக்கத்தை எல்லோரும் துடைக்கிறார்கள், உள்பக்கத்தை யாரும் தொடுவதில்லை. டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் விடும் ஆவி, மூச்சு, ஏ.சி. ஈரம் எல்லாம் சேர்ந்து உள்ளே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் படியும். பகலில் தெரியாது. எதிர்வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியது மாதிரி ஆகிவிடும். வாரம் ஒருமுறை, திருவண்ணாமலை கிளம்பும் முன், கண்ணாடி துடைக்கும் திரவம் அடித்து ஒரு மைக்ரோஃபைபர் துணியாலும், அப்புறம் இன்னொரு காய்ந்த துணியாலும் துடையுங்கள். கடையில் துணிக்குப் பஞ்சமில்லை, ஆனால் கஞ்சி போட்ட புதுத் துணி வேண்டாம். வைப்பர் ரப்பர் காய்ந்து அரைவட்டமாகக் கீறல் விழுந்திருந்தால், ஒவ்வொரு கீறலும் வெளிச்சத்தை இழுத்துக் காட்டும். ரப்பரை மாற்றுங்கள்.

டேஷ்போர்டில் சாமி படத்தைச் சுற்றி மின்னுகிற குட்டி விளக்கு வைத்திருக்கிறீர்களா? இரவில் அணைத்துவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. செல்போனில் வழி பார்ப்பவர் என்றால் திரையின் வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிடுங்கள். மீட்டர் போர்டு வெளிச்சத்தைக் குறைக்கவும் பல கார்களில் வசதி உண்டு. பின்னால் வருபவரின் லைட் தொந்தரவு செய்தால், உள் கண்ணாடியின் அடியில் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தட்டுங்கள். வெளிச்சம் பல மடங்கு குறைந்து, பின்னால் வண்டி வருவது மட்டும் தெரியும்.

சரி, சாலையில் என்ன செய்வது? தூரத்தில் விளக்கு தெரிந்த உடனே காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுங்கள். கண் கூசிய பிறகு வேகத்தைக் குறைக்கப் பார்ப்பது தாமதம். பார்வையை எதிர் விளக்கிலிருந்து விலக்கி, உங்கள் பக்கத்து இடது ஓரக் கோட்டின் மேல் வையுங்கள். கோடு இல்லாத இடத்தில் தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பு. கண்தான் இடப்பக்கம் போக வேண்டும், வண்டி போகக் கூடாது. அந்த ஓரத்தில்தான் விளக்கில்லாத சைக்கிளும், பஞ்சராகி நின்ற லாரியும், அதைச் சுற்றி வைத்த கல்லும் இருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் அந்தக் கண் கூசாது என்று சில டிரைவர்கள் சொல்வார்கள். பக்கவாட்டுப் பார்வையையும் தூரக் கணிப்பையும் விட்டுக்கொடுத்து அந்தக் கண்ணைக் காப்பாற்ற வேண்டாம்.

இரண்டு வண்டிகளின் வெளிச்சம் சந்திக்கும் இடத்துக்கு நடுவில் சாலையைக் கடக்கும் ஆள், இரண்டு ஓட்டுநர்களுக்குமே சில கணம் முற்றிலும் மறைந்துபோகலாம். ஊர் எல்லை, பஸ் நிறுத்தம், டாஸ்மாக் கடை பக்கம் எதிர்வண்டி வரும்போது இதை மனதில் வையுங்கள்.

வேகக் கணக்கு எளிது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடும். இரண்டு விநாடி கண் தெரியாவிட்டால் 44 மீட்டர் குருட்டு ஓட்டம். டிம் வெளிச்சத்தில் கறுப்பு உடை போட்டவரையோ ரிஃப்ளெக்டர் இல்லாத டிரெய்லரையோ 40, 50 மீட்டருக்கு முன் பார்ப்பது கடினம். காய்ந்த சாலையில், சுதாரிக்க ஒன்றரை விநாடி எடுத்துக்கொண்டு பிரேக் பிடித்தால், 80-இல் நிற்க ஏறக்குறைய 70 மீட்டர் ஆகும். 60-இல் 45 மீட்டர். 50-இல் 35 மீட்டர். உங்கள் சாலையில் டிம்மில் போகும்போது 50-ஐத் தாண்டாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். போன மாதம் அந்த டிராக்டர் அருகில் நீங்கள் என்ன வேகத்தில் போனீர்கள் என்று எழுதவில்லை. ஆலை அரைக்கும் பருவத்தில் மூங்கில்துறைப்பட்டைச் சுற்றி ஒவ்வொரு வளைவிலும் ஒரு கரும்பு டிராக்டர் நிற்பதாகவே நினைத்துக்கொண்டு ஓட்டுங்கள். விளக்கில்லாமல் போனது டிராக்டர்காரரின் தவறுதான், சந்தேகமில்லை. ஆனால் அதைப் போய் இடிப்பது உங்கள் கார்.

மற்றவர்கள் டிம் செய்யாதபோது நான் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். எதிரே வருபவரின் கண்ணைக் கட்டினால், ஒரு கணம் வழி தெரியாமல் வரும் அந்த வண்டி உங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறது. நடுத்திட்டு இல்லாத இருவழிச் சாலையில் இது மிக மோசமான பழிவாங்கல். அவர் மறந்திருந்தால் ஒரே ஒரு முறை தட்டிக் காட்டுங்கள், பல பேர் டிம் செய்துவிடுவார்கள். செய்யாவிட்டால் விட்டுவிட்டு வேகத்தைக் குறையுங்கள். திரும்பத் திரும்ப அடித்தால், "நான் வருகிறேன், ஒதுங்கு" என்றுதான் நம் ஊரில் எடுத்துக்கொள்வார்கள்.

எதிர்வண்டியின் ஒற்றை வெளிச்சம் இரண்டு விளக்காகப் பிரிந்து தெரியத் தொடங்கும் முன்பே டிம்முக்கு வந்துவிடுங்கள். வளைவில் மரங்கள் மேல் வெளிச்சம் தெரிந்தாலே போதும், வண்டி தெரியக் காத்திருக்க வேண்டாம். இருவரும் பக்கத்தில் வந்த கணம் மறுபடி ஹை பீம். முன்னால் ஒரு வண்டியைத் தொடர்ந்து போகும்போதும் டிம்தான், உங்கள் வெளிச்சம் அவர் கண்ணாடி வழியாக அவர் கண்ணில் விழும். தெருவிளக்கு உள்ள ஊருக்குள்ளும் டிம். 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் இதையே சொல்கின்றன. அதே நேரம், எதிரே யாரும் இல்லாத இருட்டுச் சாலையில் மரியாதைக்காக டிம்மிலேயே போகாதீர்கள். ஹை பீம் இருப்பது அந்த இடத்துக்குத்தான். பனி இறங்கியிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

நாலுவழிச்சாலையில் ஓட்டும்போது இவ்வளவு தொந்தரவு இல்லை என்று கவனித்திருப்பீர்கள். எதிர்த்திசை தள்ளி இருப்பது ஒரு காரணம், நடுத்திட்டில் வளர்த்திருக்கும் அரளி இன்னொரு காரணம். தண்ணீர் அதிகம் கேட்காது, விஷச் செடி என்பதால் மாடு மேயாது, எதிர் வெளிச்சத்தையும் மறைக்கும். பூவுக்காக மட்டும் வைத்ததில்லை. உங்கள் திருவண்ணாமலைச் சாலையில் அந்த வசதி கிடையாது.

மகன் சொல்வதைப் பற்றி. கண் பரிசோதனை முடியும்வரை அவர் சொல்வதுதான் சரி. சரக்கு எடுப்பதை முற்பகலுக்கு மாற்றி, இருட்டும் முன் சங்கராபுரம் தாண்டிவிடுங்கள். முடியாத வாரத்தில் ஒரு ஆக்டிங் டிரைவரை வைத்துக்கொள்ளுங்கள். அவரிடமும் அந்தத் திருகைக் காட்டிக்கொடுங்கள். பவர் மாறியிருப்பது மட்டும்தான் என்றால், புதுக் கண்ணாடியோடு மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒருமுறை இரவில் ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு தூரத்தில் என்ன தெரிகிறது என்று இருவரும் சொல்லிக்கொண்டே வாருங்கள், வித்தியாசம் உடனே புரிந்துவிடும். புரை என்றால் எப்போது எடுப்பது என்று டாக்டரைக் கேளுங்கள், எடுத்த பிறகு கூச்சம் வெகுவாகக் குறைந்து இரவில் ஓட்டுபவர்கள் பலர் உண்டு. விழித்திரையில் பாதிப்பு என்றால், அதிலும் லேசர் சிகிச்சை தேவைப்பட்டால், இரவுப் பார்வை முன்போல் இருக்குமா என்பதை டாக்டரிடமே நேராகக் கேட்டு முடிவெடுங்கள். அப்போது அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பல்புக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுத்திருந்தால் அந்தக் கணக்கில் 60/55 ஹாலஜன் ஒரு ஜோடி, வைப்பர் ரப்பர் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று காதும் சரியாக உட்கார்ந்ததா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.